பூபாலனின் இடது காலும் ஒரு பழைய கால்மிஷினும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில், சென்னீர்குப்பம் தாண்டுவதற்குள் இடது கைப்பக்கம் ஒரு சந்து பிரியும். எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தாலே ஒதுங்க இடம் தேடவேண்டிய சந்து அது. அதற்குள் லாரியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்து, சொந்த வீட்டு வாசலில் இரண்டு விரல் இடைவெளியில் நிறுத்துகிறவன் பூபாலன் ஒருவன்தான். அவன் அப்பா நாளில் அந்தப் பக்கமெல்லாம் கீரை போட்டிருந்தார்கள். பிறகு நிலம் கை மாறி, கிடங்குகள் வந்தன. வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். பூபாலன் கிளீனராக வண்டி ஏறியவன். திருமழிசையில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் சேர்ந்து, அதே முதலாளியிடம் தலை நரைக்கத் தொடங்கும்வரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி தாட்சாயிணி வீட்டு முன்னறையில் தையல் வேலை செய்வாள். அவளுக்கு அவன் அத்தை மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் 'மாமா'தான். பிளவுஸ், நைட்டி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று அவளுக்கு வேலை ஓய்வதில்லை. அவளிடம் இருந்தது கறுப்புக் கால்மிஷின். வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, தோல் பெல்ட், தங்க எழுத்து தேய்ந்துபோன தலை. எந்தக் கம்பெனி என்று யாராலும் இப்போது படிக்க முடியாது.

அது வந்த விதம் இப்படி. ஆவடி குவார்ட்டர்ஸில் கிருஷ்ணப்பிரியா என்று ஓர் அம்மா இருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். கணவருக்கு டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை. தாட்சாயிணி அவருக்குப் பல வருஷம் பிளவுஸ் தைத்துக் கொடுத்திருக்கிறாள். கணவர் ரிட்டயர் ஆகி, வீட்டைக் காலி செய்தபோது அந்த அம்மா இவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இதை ரயில்ல கொண்டுபோவ முடியாது தாட்சா. எடைக்குப் போட எனக்கு மனசு வரல. நீ வச்சுக்கோ. சும்மா மூலையில போட்டுராத, ஓட்டு. அது போதும் எனக்கு" என்றார்.

மிஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவன் பூபாலன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "இன்னாமே இது, லாரி என்ஜினே தேவலாம்" என்று முனகிக்கொண்டே இறக்கி வைத்தான். அதோடு அவனுக்கும் அந்த மிஷினுக்குமான சம்பந்தம் முடிந்தது. பிற்பாடு ஒரு தீபாவளிக்கு அவளுக்கு மோட்டார் வைத்த புது மிஷின் வாங்கிக் கொடுத்தான். அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, நீளத் தையலெல்லாம் அதில் ஓட்டினாள். ஆனால் மெல்லிய பட்டு வந்தாலும் சரி, தடித்த ஜீன்ஸ் வந்தாலும் சரி, நாற்காலியை இழுத்துக்கொண்டு கறுப்பு மிஷினிடம் போய்விடுவாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு மரப்பெட்டிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பூபாலன் கீழே நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். ஈரப் பலகையில் ஒரு பெட்டி வழுக்கியது. விலக இடம் இருந்தது. ஆனால் பின்னால் நின்ற ஆளைத் தள்ளிவிட்டுத்தான் விலக வேண்டும். அவனைத் தள்ளிவிட்டான். தான் விலகுவதற்குள் பெட்டி இடது காலின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. கணுக்காலும் நசுங்கியிருந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து, "உன் வண்டி உனக்குத்தான். நீ வர்ற வரைக்கும் வேற ஆள் ஓட்டட்டும், நிரந்தரமா யாரையும் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல வார்த்தைதான். ஆனால் இரவும் பகலும் படுத்துக்கிடக்கிறவனுக்கு அந்த வார்த்தை ஒரு பாரமாகவும் இருந்தது. வர முடியாமல் போனால் என்ன செய்வது?

பொங்கல் கழிந்து டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு கூடிவிட்டது என்றார். ஊன்றி நடக்கலாம் என்றார். பூபாலன் நடந்தான், கைத்தடியோடு. கணுக்கால் மட்டும் அசையவில்லை. துருப்பிடித்த கீல்போல ஒரே நிலையில் நின்றது. லாரியில் இடது கால்தான் கிளட்ச். பாதம் மேலும் கீழும் போகாவிட்டால் அவன் ஓட்டுநர் இல்லை.

பூந்தமல்லியில் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே சௌம்யா என்ற பெண் பார்த்தாள். கொரட்டூரிலிருந்து தினமும் வருகிறவள். சிரித்த முகம், ஆனால் விடாப்பிடி. துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கச் சொன்னாள். விரல்களை மேலே தூக்கச் சொன்னாள். கிளினிக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வான். வீட்டுக்கு வந்தால் துண்டு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

"வீட்டுல பண்றீங்களா அண்ணா?" என்று ஒவ்வொரு முறையும் சௌம்யா கேட்பாள்.

"பண்றேன்மா."

"பொய் சொல்றாரு" என்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாட்சாயிணி, யாரையும் பார்க்காமல்.

உண்மையில் அவனுக்கு நம்பிக்கை போயிருந்தது. நண்பர்கள் உட்காரும் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். சாம்பாரில் உப்பு குறைந்தால் சத்தம் போட்டான், கூடினாலும் சத்தம் போட்டான். பிற்பகலில் முன்னறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தாட்சாயிணி தைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் கையைப் பார்க்க மாட்டான். காலைத்தான் பார்ப்பான். முன்னும் பின்னுமாக, கொஞ்சமும் பிரயாசை இல்லாமல், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட அந்தப் பாதங்கள் தானாக ஆடிக்கொண்டிருக்கும். அவனுக்குப் பொறாமையாக இருக்கும்.

மாசியில் கிளினிக்குக்குப் போவதையும் விட்டான். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒருநாள் மதியம் சௌம்யாவே ஸ்கூட்டியில் வந்து சந்துக்குள் நின்றாள். பக்கத்துத் தெருவில் ஒரு நோயாளியைப் பார்க்க வந்தேன் என்றாள். அது உண்மையா, இவனுக்காக வந்தாளா என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை.

தாட்சாயிணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சௌம்யா குடித்துக்கொண்டே முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். கறுப்பு மிஷினில் கண் நின்றது. எழுந்து போய், குனிந்து, இரும்பு மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தாள். மேலே வந்தது, கீழே போனது.

"அக்கா, இந்த பெல்ட்டக் கழட்டிட்டா ஊசி ஓடாது இல்ல? கீழ சக்கரம் மட்டும்தானே சுத்தும்?"

"ஆமா."

"அண்ணா, இதுல உக்காருங்க."

பூபாலனுக்குக் காது சிவந்தது. "லாரி ஓட்டினவன் இங்க உக்காந்து தையல் மிஷின மிதிக்கவா? தெருவுல போறவன் இன்னா சொல்லுவான்?"

"தெருவுல போறவங்க கணுக்காலு நல்லா இருக்கு அண்ணா. அவங்க எதுவும் சொல்லட்டும்" என்றாள் சௌம்யா.

தாட்சாயிணி பெல்ட்டைக் கழற்றினாள். தெருப்பக்கக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை.

செருப்பில்லாமல் இரண்டு பாதத்தையும் மிதியில் வைத்து அழுத்தினான். சக்கரம் தவறான பக்கம் அரைச்சுற்றுப் போய் நின்றது. மறுபடி அழுத்தினான். மறுபடி நின்றது. கணுக்காலில் சுரீரென்று வலித்தது. எழுந்துவிடப் பார்த்தான்.

"மாமா, இரு. நீ கிளட்ச்ச மிதிக்கிற மாதிரி மிதிக்கிற" என்று தாட்சாயிணி அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "இத அமுக்கக் கூடாது. நான் சக்கரத்தச் சுத்தி உடறேன். அது போற பக்கம் காலக் குடு, போதும்."

சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டாள். அது கனமான சக்கரம். ஒருமுறை வேகம் எடுத்தால் சட்டென்று நிற்காது. மிதி கீழே போனது. பிறகு, அவன் ஒன்றும் செய்யாமலே, அந்த இரும்புத் தட்டு மேலே எழும்பி அவன் பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்கியது. சௌம்யா துண்டு கட்டி இழுக்கச் சொன்னாளே, விரல்களை மேலே தூக்கச் சொன்னாளே, அதே அசைவு. அவனால் முடியாததை மிஷின் செய்துகொடுத்தது. கொஞ்சம்தான், ஒரு விரல்கடை அளவுக்குத்தான். வலித்தது. ஆனால் அது நகர்கிற வலி. இவ்வளவு நாளாக இருந்தது நகராத வலி.

புது மிஷினின் மிதியில் இது நடக்காது என்று சௌம்யா விளக்கினாள். அதை அழுத்தினால் மோட்டார் ஓடும், அவ்வளவுதான். காலுக்கு அது எதையும் திருப்பித் தராது. இதுவோ காலிடமிருந்து வாங்கிக் காலுக்கே கொடுக்கிறது. வீக்கம் வந்தால் நிறுத்த வேண்டும், இரண்டு காலையும் சேர்த்துத்தான் மிதிக்க வேண்டும், கிளினிக்குக்கும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பூபாலன் கேட்டுக்கொண்டானா தெரியாது. அவள் போன பிறகும் மிதித்துக்கொண்டிருந்தான். உள்ளே குக்கர் கத்தி அடங்கியது. தாட்சாயிணி சாப்பிடக் கூப்பிட்டாள். "தோ வரேன்" என்றான், வரவில்லை.

பங்குனி முழுவதும் அப்படிப் போனது. காலையில் அவள் சமையலை முடிக்கும்வரை மிஷின் அவனுக்கு. பிறகு அவளுக்கு. பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதும் ஒரு தொல்லையாகிவிட்டது. வெறும் சக்கரத்தை ஓட்டுவதும் சலித்துவிட்டது. ஒருநாள் தாட்சாயிணி பெல்ட்டைக் கழற்றாமலே விட்டு, ஊசியில் நூல் கோக்காமல், பழைய செய்தித்தாளில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள்.

"இதுமேல ஊசி போவணும். புதுசாக் கத்துக்கறவங்களுக்கு இதான் முதல் பாடம்."

முதல் நாள் ஊசி கோட்டை விட்டுவிட்டுத் தாள் முழுக்க அலைந்தது. அவன் ஊசியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தானாகவே ஒன்று பிடிபட்டது. ஊசியைப் பார்க்கக் கூடாது. அது போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பம்பரைப் பார்த்துக்கொண்டு யாராவது வண்டி ஓட்டுவார்களா? அதற்குப் பிறகு நேர்கோடு சரியாக வந்தது. வளைவு வந்தது. தாட்சாயிணி ஒரு கழுத்து வளைவை வரைந்து கொடுத்தாள். மெதுவாக, காலைத் தளர்த்தி, திரும்பி முடித்தான். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கஜபதி வந்தது அதற்கப்புறம். பூபாலனோடு அதே டிரான்ஸ்போர்ட்டில் ஓட்டுகிறவன். சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன், மிஷினில் உட்கார்ந்து லுங்கி மூட்டிக்கொண்டிருந்த நண்பனைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா மாமே இது? ஸ்டீரிங்க உட்டுட்டு ஊசியப் புட்ச்சிகினு கீற?"

பூபாலன் நிறுத்தவில்லை. "இன்னா வோணா சொல்லிக்கடா. கீழ பாரு."

கஜபதி குனிந்து பார்த்தான். தடித்த தழும்போடு இருந்த அந்தப் பாதம் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அதே காலைக் கட்டோடு பார்த்தவன் அவன். கேலி செய்ய ஆரம்பித்த முகம் மெல்ல மாறியது. தரையில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆடுதுடா" என்றான் கடைசியில்.

மறுநாள் தன் வண்டியின் கிழிந்த ரெக்சின் சீட் கவரைச் சுருட்டிக்கொண்டு வந்து போட்டான். "பழவிக்க உனக்குத் துணி வோணும் இல்ல? இதத் தெச்சுக் குடு."

அங்கேதான் வினை வந்தது. தாட்சாயிணி முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பூபாலன் தனியாக அந்த ரெக்சினை மடித்து ஊசிக்கடியில் திணித்தான். இரண்டு மடிப்பு போனது. மூலையில் நாலு மடிப்பு சேரும் இடத்தில் டக்கென்று ஒரு சத்தம். ஊசி முறிந்தது. புது ஊசி மாட்டி, இன்னும் பலமாக மிதித்தான். ஏதோ ஒன்று உள்ளே கடித்துக்கொண்டது. கைச்சக்கரத்தை முன்னால் திருப்பினான், வரவில்லை. பின்னால் திருப்பினான், அசையவில்லை. மிதி செத்துப்போனதுபோல் நின்றது.

அந்த மிஷின் அவன் காலுக்கு வைத்தியமாக வந்தது இப்போதுதான். அதற்கு முன்பு பல வருஷமாக அது தாட்சாயிணியின் கை. அவன் படுத்துக்கிடந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். அதைப் போய் உடைத்துவிட்டோமே என்று உட்கார்ந்திருந்தான். இன்னும் பலம் போட்டுத் திருப்பலாமா என்று கை போனது. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டான்.

அவள் மாலையில் பூவும் தேங்காய்ப் பையுமாக வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னான்.

"தாட்சா, மிஷின கெடுத்துட்டேன்."

அவள் திட்டவில்லை. மிஷினின் தலைமேல் ஒரு நிமிஷம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறவள்போல. பிறகு, "காலுக்கு இன்னாவது ஆச்சா?" என்று கேட்டாள்.

"காலுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப சபீனாவக் கூப்புடலாம். மூஞ்சிய அப்படி வச்சிக்காத."

சபீனா பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் மிஷின் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறாள். அவள் அப்பாவின் கடை அது. கூடப்பிறந்தவர்கள் வெளிநாடு போனபோது இவள் திருப்புளியை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஸ்கூட்டரில் இரும்புப் பெட்டியோடு வந்தாள். பர்தாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மிஷினின் தலையைப் பின்னால் சாய்த்தாள்.

பூபாலன் நகம் கடித்துக்கொண்டு நின்றான்.

அவள் அடியில் இரண்டு திருகைக் கழற்றி, அடிநூல் உட்காருகிற ஷட்டிலை வெளியே எடுத்தாள். சாமணத்தால் உள்ளே எதையோ கிள்ளி இழுத்தாள். முறிந்த ஊசியின் முனை. அதைச் சுற்றி நூல் ஒரு கூடுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே படிந்திருந்த கறுப்புப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாள். மூடிவிட்டுக் கைச்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் சுற்றியது.

"அவ்வளோதானா?" என்றான் பூபாலன்.

"அவ்வளோதான் அண்ணே. இதுக்குள்ள பிளாஸ்டிக்கே கிடையாது, எல்லாம் இரும்பு. நூலும் அழுக்கும் சேந்தா நின்னுடும், எடுத்துட்டா ஓடும். நீங்க பலம் போட்டுத் திருப்பாம விட்டீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு." கையைத் துடைத்துக்கொண்டே ரெக்சினைப் பார்த்தாள். "ஆனா இதையே தெச்சிகினு இருந்தீங்கன்னா அக்காவுக்கு பிளவுஸ் தைக்க இது ஆகாது. ஊசி போற தடமே மாறிடும். என் கடையில ஒண்ணு கீது. செருப்புக் கம்பெனி ஒண்ணு மூடினப்ப எடுத்தது. ரிப்பேர் பண்ணி வச்சிருக்கேன், கேக்கறதுக்கு ஆள் இல்ல. எல்லாரும் மோட்டார்தான் கேக்கறாங்க. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தான். தாட்சாயிணியின் மிஷினைவிட ஒரு சுற்று பெரியது. கழுத்து தடித்து, எருமை நிற்பதுபோல நின்றது. பச்சைப் பெயிண்டு அங்கங்கே உரிந்திருந்தது. கால்மிஷின்தான். உட்கார்ந்து மிதித்தான். சக்கரம் இன்னும் கனம். ஆனால் அவன் காலும் இப்போது முன்போல் இல்லை. நாலு மடிப்புத் தோலை ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் குத்திக்கொண்டு போனது. கொடுக்க வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றாள் சபீனா. கஜபதி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். இந்தத் தடவை எடையைப் பற்றி பூபாலன் ஒரு வார்த்தை முனகவில்லை.

கஜபதியின் சீட் கவர் நன்றாக அமைந்தது. அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்தான். டிரான்ஸ்போர்ட்டிலிருந்து சீட் கவர்கள் வந்தன. பிறகு ஆட்டோ மேல்கூரைகள், கிழிந்த தார்ப்பாய்கள். முன்னறையில் ஒரு பக்கம் தாட்சாயிணியின் கறுப்பு மிஷின், மறு பக்கம் பச்சை மிஷின். மழை நாளில் கரண்டு போனால் சந்தில் மோட்டார் மிஷின் வைத்துத் தைக்கிறவர்கள் எல்லாம் வெளியே வந்து நின்று வானத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் ஜன்னலோரமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். பேசிக்கொள்ளாமலே பொழுது போகும். இருபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தும் ஒரே அறையில் பகலில் இவ்வளவு நேரம் அவர்கள் சேர்ந்து இருந்ததில்லை. அவன்தான் எப்போதும் சாலையில் இருந்தானே.

ஆடி மாதம் டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். அவன் வண்டி அப்படியே நின்றது. பூபாலன் ஏறி உட்கார்ந்தான். கஜபதி பக்கத்தில் ஏறிக்கொண்டான். கிளட்சை மிதித்தான். முழுசாகப் போனது. விட்டான். மேலே வந்தது. திருமழிசையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போய்த் திரும்பினார்கள். பூபாலன் ஒரு கட்டத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தான்.

ஆனால் பழையபடி நாட்கணக்கில் வெளியூர் போக அவனுக்கு மனம் வரவில்லை. முதலாளியிடம் போய், "உள்ளூர் லோடு மட்டும் குடுங்க முதலாளி. காலைல ஓட்டறேன். மதியத்துக்குமேல ஊட்டாண்ட தையல் கீது" என்றான். அவர் முதலில் சிரித்தார். பிறகு, தன் வண்டிகளின் சீட்டுக்கெல்லாம் அவன்தான் கவர் தைக்கிறான் என்பது ஞாபகம் வந்ததும் சரி என்றார்.

கடைசி முறையாகக் காலைக் காட்ட கிளினிக்குக்குப் போனபோது, அங்கே நோயாளிகளின் காலில் கட்டுகிற மணல் பைகள் நைந்து, தரையெல்லாம் மணல் சிந்திக்கிடப்பதைப் பார்த்தான். தானும் மாதக்கணக்கில் அதைக் கட்டிக்கொண்டிருந்தவன்தான். அப்போது கண்ணில் படவில்லை. ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனான். கறுப்பு ரெக்சினில் இரட்டைத் தையல் போட்டு, ஒட்டுகிற பட்டி வைத்து, எல்லா அளவிலும் தைத்துக்கொண்டுபோய் சௌம்யாவின் மேசைமேல் வைத்தான்.

"எவ்வளவு அண்ணா?" என்றாள் அவள்.

"கேக்காதம்மா. நீ அன்னிக்கு எங்க ஊட்டுக்கு வந்தியே, அதுக்கு நான் இன்னா குடுத்தேன்?"

அவள் ஒரு பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். தையலைத் தடவினாள். "அப்ப இன்னொண்ணு கேக்கட்டுமா? அந்த மாதிரி ஒரு மிஷின் ஸ்டாண்டு இங்க இருந்தா நல்லா இருக்கும். பெரியம்மா கிட்டயும் கேட்டுட்டேன், வைக்கலாம்னாங்க." பெரியம்மா என்றது கிளினிக்கை நடத்துகிற டாக்டரம்மாவை.

சபீனாவின் கடையில் தலை இல்லாத ஸ்டாண்டுகள் கிடந்தன. ஹோட்டல்காரர்கள் அதன்மேல் கிரானைட் போட்டு மேசையாக்க வாங்கிப்போவார்கள். விஷயத்தைக் கேட்டதும் இருப்பதிலேயே நல்ல சக்கரமாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். "மேசைக்குப் போறத விட இது மேலு" என்றாள். மிதியின் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டு, மேலே ஒரு பலகையைப் பொருத்தினாள். பூபாலன் தன் வண்டியில் கொண்டுவந்து ஜன்னல் பக்கத்தில் வைத்தான்.

முதலில் உட்கார வைக்கப்பட்டவர் நாகம்மா. குமணன்சாவடியில் பூ விற்கிறவர். பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டிருந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அந்த அம்மா, ஸ்டாண்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத் தையல் தெரியாது. என்னிய எதுக்கு இதுல உக்கார வெக்கிற?"

"எனக்கும் அப்ப தெரியாதும்மா" என்றான் பூபாலன். பலகையை இறுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்து தன் பேண்டை முழங்கால்வரை சுருட்டினான். தழும்பைக் காட்டினான். பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான். "இது மரக்கட்ட மாதிரி கெடந்துச்சு. நான் கத்தின கத்துல என் பொண்டாட்டி எப்படித்தான் கூட இருந்தாளோ தெரியாது. நீ ஒண்ணும் பண்ண வேணாம். கால வையி, நான் சுத்தறேன்."

நாகம்மா அந்தத் தழும்பை உற்றுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றினார். பூபாலன் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிவிட்டான். மிதி எழும்பி இறங்கியது. அந்த அம்மாவின் வலது பாதம் முதலில் நழுவியது. சௌம்யா எடுத்து வைத்தாள். இரண்டாம் தடவை தங்கியது. பத்துச் சுற்று போயிருக்கும், நாகம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மேல தலைய காணமே" என்றார் நாகம்மா, மிதித்துக்கொண்டே. "சும்மா எத்தினி நாளு மிதிக்கிறது? ஒரு தலையணை உறையாவது மூட்டலாம் இல்ல?"

பூபாலன் எழுந்து வெளியே வந்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து சபீனாவின் எண்ணைத் தேடினான்.